ஃபிரிட்ஜ் பக்கத்தில் எட்டு மணி நேரம்

ஜெராக்ஸ்காரர் ஓர் எழுத்தாளர். இப்படி ஓர் எழுத்தாளர் இருப்பது உலகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அவர்தான் அந்த எழுத்தாளர் என்பது அவருடைய மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். அவளும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. வீட்டில் குழாய் ஒழுகுவதைவிட இது எவ்வளவோ தேவலை என்பது அவள் கருத்து.

நீதிமன்றத்துக்குப் போகும் சாலையில், பல் டாக்டருக்கும் சாவி வெட்டுகிறவருக்கும் நடுவே, பத்தடிக்கு எட்டடிக் கடை. உள்ளே இரண்டு இயந்திரங்கள். ஒன்று நல்லது. மற்றொன்று எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் இடது ஓரத்தில் கறுப்புக் கோடு ஒன்று இழுத்துக் கொடுக்கும், அவசரக்காரர்களுக்கு அது. கடையில் ஒரே ஒரு ஸ்டூல், அதில் பதினேழு வருடமாக ஜெராக்ஸ்காரர். மை சூடாகிற வாடை அவர் சட்டையை விட்டு ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாது.

அந்தத் தெருவில் அவருக்கு நல்ல பெயர். நகல் எடுக்க வருகிறவர்கள் நகலை வாங்கிக்கொண்டு, அசலை இயந்திரத்தின் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டுப் போய்விடுவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. சொத்துப் பத்திரத்தையே மறந்துவிட்டுப் போனவர் உண்டு. அப்போதெல்லாம் ஜெராக்ஸ்காரர் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், ஒரிஜினல்! ஒரிஜினல்!" என்று செருப்பைக்கூட மாட்டாமல் தெருமுனை வரை ஓடுவார். பல் டாக்டரிடம் பல்லைப் பறிகொடுத்து வெளியே வந்தவர்கள்கூட அந்தக் குரல் கேட்டு ஒரு கணம் தங்கள் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

இனி அவருடைய இலக்கியத்துக்கு வருவோம்.

குறும்பதிவு என்றால் என்னவென்று அறியாதவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். நன்றாகத் தூங்குகிறவர்கள் அவர்கள்தாம். செல்போனில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதற்குள் இருநூற்றெண்பது எழுத்துக்குள் உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் தமிழில் எழுதுகிறவருக்கு அதிலும் கொஞ்சம் குறைவுதான். சொன்னதை உங்களைப் பின்தொடர்கிறவர்கள் படிப்பார்கள். பிடித்தால் இதயம் ஒன்றை அழுத்துவார்கள். ரொம்பப் பிடித்தால் தங்களைப் பின்தொடர்கிறவர்களுக்கும் தள்ளிவிடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். இதை வைத்துக்கொண்டு மனிதர்கள் செய்யாதது இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் உலகத்துக்கே காலை வணக்கம் சொல்கிறார். பஸ் வரவில்லை என்று ஒருவர் போக்குவரத்துத் துறையைக் கூப்பிட்டுத் திட்டுகிறார். அதற்கு வந்த பதிலைப் படித்துக்கொண்டிருக்கையில் பஸ் அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. இன்னொருவர் இன்று எத்தனை அடி நடந்தார் என்று தினமும் அறிவிக்கிறார், யாரும் கேட்கவில்லை. பெரிய மனிதர் யாராவது இறந்துவிட்டால் முதலில் அழுதது யார் என்பதில் ஒரு தள்ளுமுள்ளு.

ஜெராக்ஸ்காரர் அங்கே 'கண்ணாடிக்கு மேலே' என்ற பெயரில் எழுதினார். எழுதினார் என்பதைவிட எடுத்தார் என்பது பொருத்தம். நாளொன்றுக்கு இருநூறு காகிதம் அவர் கை வழியாகப் போகிறது. கண் என்று ஒன்று இருந்தால் படிக்கத்தானே செய்யும்? படித்ததில் சுவையானதை ஒரு வரி நறுக்கிப் போட்டுவிடுவார். "மாடி வீட்டார் நடப்பது எனக்குக் கேட்கிறது. அவர்கள் சும்மா நின்றாலும் கேட்கிறது." இது ஒரு புகார் மனுவிலிருந்து. "என் மகன் பொய் சொல்லமாட்டான். அவன் சொன்னதை நம்ப வேண்டாம்." இது ஒரு தந்தை பள்ளிக்கு எழுதியது. பெயர் போடமாட்டார், ஊர் போடமாட்டார். இதை அவர் தன் தர்மம் என்று நினைத்திருந்தார். பதிவுக்குப் பன்னிரண்டு இதயம் வரும், நல்ல நாளில் இருபது. அதில் ஒன்று மனைவியுடையது, ஒன்று, எழுதுவது யாரென்று தெரியாமலே, மனைவியின் தங்கையுடையது. புதிதாக ஒருவர் பின்தொடர ஆரம்பித்தால் மட்டும் போனில் நீர்த்துளி விழுவதுபோல் 'ட்ளுக்' என்று ஒலிக்கும்படி வைத்திருந்தார். நான்கு வருடத்தில் அந்தத் துளி முந்நூற்றுப் பன்னிரண்டு முறை விழுந்திருந்தது. ஒவ்வொரு முறையும் உள்ளங்கால் வரை குளிர்ந்தது.

அந்த நிலையில்தான் டைப்பிஸ்ட் வந்தார்.

அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் தட்டச்சு செய்துவிட்டு ஓய்வுபெற்றவர். தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்த பிறகும் விரல்களை ஓங்கி ஓங்கி அடிப்பாராம். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா. கையெழுத்தில் எழுதிய கடிதம் ஒன்றை நீட்டி, ஐந்து பிரதி கேட்டார். வாங்கினார், ஓரங்களைத் தட்டி அடுக்கினார், போய்விட்டார். ஜெராக்ஸ்காரர் மூடியைத் தூக்கினார். அசல் கண்ணாடி மேல் கிடந்தது.

"சார், ஒரி..." என்று வாய் திறந்தவர், முதல் பத்தியில் கண் விழுந்துவிட்டதால் நிறுத்திக்கொண்டார்.

காவலாளி வேலைக்கு விண்ணப்பம். ஒரே தாளின் முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம். நடுவில் இப்படி இருந்தது: "முப்பத்தோரு ஆண்டுகள் உட்கார்ந்தே பணி செய்தவன் ஆயினும், என்னால் எட்டு மணி நேரம் தொடர்ந்து நிற்க முடியும். வீட்டில் ஃபிரிட்ஜ் அருகே நின்று சோதித்துக்கொண்டேன்."

ஜெராக்ஸ்காரர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு தெருமுனையைப் பார்த்தார். டைப்பிஸ்ட் முனை திரும்பிவிட்டிருந்தார். ஓடினால் பிடித்திருக்கலாம். பதினேழு வருடத்தில் முதல்முறையாக அவர் ஓடவில்லை. காகிதத்தை இழுப்பறையில் போட்டார், போனை எடுத்தார்.

மாலை ஆறு மணிக்கு நானூறு இதயம். மறுநாள் பதினோராயிரம். ஃபிரிட்ஜ் பக்கத்தில் விறைப்பாக நிற்கும் மனிதரை ஒருவர் படமாக வரைந்து போட்டார். இன்னொருவர் தன் வீட்டு ஃபிரிட்ஜ் அருகே தானே நின்று, நேரம் குறித்துக்கொண்டு, நாற்பதாவது நிமிடத்தில் கதவைத் திறந்து சாப்பிட்டுவிட்டதாக அறிவித்தார். 'ஃபிரிட்ஜ் காவலர்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. துளி நிற்காமல் விழுந்தது. ஜெராக்ஸ்காரரின் சட்டைப் பை ஒழுகும் குழாயாகவே ஆகிவிட்டது.

"இது யாரு எழுதினதுங்க?" என்றாள் மனைவி, கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு.

"கற்பனை," என்றார் ஜெராக்ஸ்காரர்.

"உங்களுக்கு இவ்வளவு வருமா?" என்று அவள் அவரை முதன்முறையாக ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே அவர் அந்தப் பொய்யைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து நாளில் உலகம் வேறு வேடிக்கைக்குப் போய்விட்டது. ஒன்பதாயிரம் பேர் மிச்சமானார்கள். துளியும் நாளுக்கு இரண்டு மூன்று என்று அடங்கியது. பதினோராம் நாள் மதியம் இரண்டே முக்காலுக்கு டைப்பிஸ்ட் மறுபடி வந்தார். கையில் காகிதம் இல்லை. செல்போன் இருந்தது.

"உங்க போர்டுல கம்ப்யூட்டர் வேலையும் செஞ்சு தர்றதா போட்டிருக்கே. இது என் பொண்ணோட பழைய போன். இதுல இந்த... சின்னச் சின்னதா எழுதுவாங்களாமே, அது என்னன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லித் தர முடியுமா?"

"குறும்பதிவா சார்? எதுக்கு?"

"சொல்றேன். முதல்ல அது என்னன்னு புரியணும்."

ஜெராக்ஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினார். பெட்டி, எழுத்துக் கணக்கு, இதயம், தள்ளிவிடுவது எல்லாம். இருப்பதிலேயே மிக மோசமான ஆசிரியரிடம் மிக நல்ல மாணவர் மாட்டிக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்துக் குறிப்பு எழுதிக்கொண்டார்.

"எழுதறவங்களுக்கு இதுல என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது சார்."

"பின்ன ஏன்?"

"ஒரு... நாலு பேர் சிரிச்சா சந்தோஷம்தானே."

"ஓகோ," என்று அதையும் குறித்துக்கொண்டார். "சொந்தப் பேர்ல எழுதணும்னு இல்லையா?"

"இல்ல சார்."

"யாருன்னு கண்டுபிடிக்கவே முடியாதா?"

"கஷ்டம் சார்," என்றார். நல்ல இயந்திரத்தின் மூடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

டைப்பிஸ்ட் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லாதீங்க. போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டுல என் பொண்ணு போனைப் பாத்து ஒண்ணைப் படிச்சா. நான் ஒரு வேலைக்கு எழுதின லெட்டர்ல இருந்த வரி. என் வரி. வேலைக்குப் போட்டிருக்கேன்னு வீட்டுல சொல்லல. ஃபிரிட்ஜ்கிட்ட நின்னு பாத்ததுகூட, அவ அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போன அன்னிக்குத்தான். பொண்ணு படிக்கறா, என் சம்சாரம் விழுந்து விழுந்து சிரிக்கறா. 'அந்த மனுஷனைக் கட்டிக்கிட்டவ பாவம்'னு சொல்றா."

"நீங்க என்ன சார் செஞ்சீங்க?"

"நானும் சிரிச்சேன். சிரிக்காம இருந்தா சந்தேகம் வந்துடுமே. அப்புறம் தண்ணி எடுக்கற மாதிரி எழுந்து ஃபிரிட்ஜ்கிட்ட போனேனா, அதுக்கும் சிரிச்சாங்க. 'அப்பா டூட்டிக்குப் போயிட்டாரு'ன்னு."

ஜெராக்ஸ்காரர் துடைப்பதை நிறுத்தவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாதவனுக்குத் துணி ஒரு பெரிய உதவி.

"அதைவிடுங்க. அஞ்சு இடத்துல கொடுத்தேன். அதுல கண் ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டிருக்காங்க. இன்னிக்கு நாலு மணிக்கு நேர்ல வரச் சொன்னாங்க. நான் போகப்போறதில்ல."

"ஏன் சார்?" என்றபோது துணி கையிலிருந்து விழுந்தது.

"லெட்டர் போனது அஞ்சே இடம். யாரோ ஒருத்தர்தான் எடுத்துப் போட்டிருக்கணும். மத்த நாலு பேர் வாயே திறக்கல. இவங்க மட்டும் கூப்பிடறாங்கன்னா எதுக்கு? ஆளைப் பாக்கத்தான். உள்ள நுழைஞ்சதும் வரிசையா நின்னு சிரிப்பாங்க. அறுபது வயசுல அதுக்கு வேற சட்டை இஸ்திரி பண்ணிட்டுப் போகணுமா?"

"அவங்களா இருக்காது சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதோ வாசல் திறந்தே இருந்தது. ஜெராக்ஸ்காரர் அதன் வழியாக வெளியே வந்திருக்கலாம். ஆனால் கூச்சத்தில் இருக்கிறவனுக்குக் கதவைவிட ஜன்னல்தான் வசதி. "ஆஸ்பத்திரிக்காரங்க சார். அவங்களுக்கு ஏது நேரம்?" என்றார்.

"கண்ணுல மருந்து விட்டுட்டு ஒரு மணி நேரம் உக்கார வைக்கறாங்களே, அந்த நேரம் யாருக்கு?"

"மத்த நாலு பேர்ல ஒருத்தரா இருக்கலாமில்ல?"

"இருக்கலாம். யார்னு தெரிஞ்சுட்டா போவேன். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். எனக்கு இதுல ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் கொடுங்க. அந்த ஆளைத் தேடிக் கொடுங்க. அவரு வேற என்னென்ன எழுதியிருக்காருன்னு பாத்தா எந்த ஆபீஸ்னு புரிஞ்சுடும். வேண்டிய வேலை எனக்கு அது. நிஜமாவே நின்னு பாத்தேன். எட்டே கால் மணி நேரம். லெட்டர்ல எட்டுன்னு குறைச்சுத்தான் போட்டேன்."

ஜெராக்ஸ்காரர் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார். வேறு என்ன செய்வார்? பதினேழு வருடமாகக் கேட்டதைச் செய்து கொடுத்தே பழகிய கை. பெயரை டைப்பிஸ்ட் தானே அடித்தார், ஓங்கி ஓங்கி. போனின் கண்ணாடி உடைந்துவிடுமோ என்றிருந்தது. தேடும் பெட்டியில் 'ஃபிரிட்ஜ்' என்று போட்டதுமே முதல் வரிசையில் வந்து நின்றது. 'கண்ணாடிக்கு மேலே'.

"இவருதானா?"

"...ஆமா சார்."

டைப்பிஸ்ட் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிப் படித்தார். மாடி வீட்டார். பொய் சொல்லாத மகன். விடுப்பு விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், மன்னிப்புக் கடிதம். படிக்கப் படிக்க அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வருகிறதா என்று ஜெராக்ஸ்காரர் பார்த்தார். வரவில்லை. நல்லவர்களோடு இதுதான் தொல்லை. அவர்கள் பக்கத்தில் இருப்பவரைத் தவிர எல்லாரையும் சந்தேகிப்பார்கள்.

"பலதரப்பட்ட காகிதம் பாக்கறவரா இருக்காரு," என்றார். "தபால் பிரிவோ என்னவோ. ஆஸ்பத்திரியில தபால் பிரிவு இருக்கா?"

"தெரியல சார்."

"சரி, இந்தப் பின்தொடர்னு இருக்கே, இதை அழுத்தினா அவருக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் எதுக்கு சார்," என்று ஜெராக்ஸ்காரர் கையை நீட்டினார். நீட்டுவதற்குள் டைப்பிஸ்டின் விரல் இறங்கிவிட்டது.

ட்ளுக்.

கடையில் குழாய் இல்லை. டைப்பிஸ்ட் மேலே கூரையைப் பார்த்தார். பிறகு ஜெராக்ஸ்காரரின் சட்டைப் பையைப் பார்த்தார். முப்பத்தோரு வருடம் ஒரு எழுத்து பிசகினால் முழுத் தாளையும் மறுபடி அடித்தவர். ஒரு தடவையில் எதையும் முடிவு செய்யமாட்டார். பின்தொடர்வதை நிறுத்தினார். மறுபடி அழுத்தினார்.

ட்ளுக்.

பல் டாக்டர் பக்கத்தில் இயந்திரம் ஓடும் சத்தம் மெல்லக் கேட்டது. டைப்பிஸ்ட் மூன்றாம் முறை அழுத்தினார். அழுத்தும்போது போனைப் பார்க்கவில்லை, ஜெராக்ஸ்காரரின் முகத்தைப் பார்த்தார்.

ட்ளுக்.

"நீங்கதானா," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

"நான்தான் சார்."

ஜெராக்ஸ்காரர் இழுப்பறையைத் திறந்தார். இரண்டு பக்கக் கடிதம், மடிப்புக் கலையாமல், ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்குக் கீழே இருந்தது. எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை உண்டு. அது அந்த நேரத்தில் எந்தப் பையில் இருந்ததென்று தெரியவில்லை.

டைப்பிஸ்ட் கடிதத்தைப் பிரித்துத் தன் வரியைக் கண்டுபிடித்தார். போனில் இருந்ததையும் அதையும் ஒப்பிட்டுப் பார்த்தார், அலுவலகத்தில் நகல் சரிபார்ப்பதுபோல.

"இதுக்கு அடுத்த வரியை விட்டுட்டீங்க."

அடுத்த வரி ஜெராக்ஸ்காரருக்கு மனப்பாடம். 'உடல் தெம்பு இருக்கும்வரை மகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பதே இவ்விண்ணப்பத்தின் காரணம்.'

"அது... இடம் பத்தல சார்."

சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிப்பட்ட பதில் என்று அவருக்கே உறைத்தது. அந்த வரியைச் சேர்த்திருந்தாலும் இருநூற்றெண்பதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது வேறு. அன்றைக்கு எண்ணிப் பார்த்துத்தான் விட்டிருந்தார்.

டைப்பிஸ்ட் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜெராக்ஸ்காரர் அவருக்குக் காலம் முழுக்க நன்றியோடு இருந்திருப்பார். "அப்போ ஆஸ்பத்திரிக்காரங்க இல்ல," என்றார்.

"இல்ல சார். அவங்களுக்கு எதுவும் தெரியாது. அஞ்சு இடத்துல யாருக்கும் தெரியாது. போங்க சார். மணி மூணேகால்தான் ஆகுது. போயிடலாம்."

"தெரிஞ்சிருந்தும் இவ்வளவு நேரம் துடைச்சுக்கிட்டே இருந்தீங்க."

டைப்பிஸ்ட் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். குறிப்பு எழுதிய துண்டுத்தாளை மட்டும் மேசை மேல் விட்டுவிட்டுப் போனார். மறந்து விட்டதா, வேண்டுமென்றே விட்டதா, தெரியாது. அதில் அழகான கையெழுத்தில், 'பயன்: நாலு பேர் சிரித்தால் சந்தோஷம்' என்று இருந்தது.

அன்று மாலை ஜெராக்ஸ்காரர் அந்தப் பதிவை அழித்தார். அழித்து என்ன? படமெடுத்து வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அழித்த கால் மணியில் மூன்று பேர் அதைத் தங்கள் நகைச்சுவையாகப் போட்டுவிட்டார்கள். நகல் எடுத்தே பிழைப்பவருக்கு இதில் ஆச்சரியப்பட உரிமை இல்லை.

மன்னிப்பு எழுத உட்கார்ந்தார். எழுதி எழுதிப் பார்த்தார். எப்படி எழுதினாலும் கடைசியில் ஒரு சிரிப்பு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நான்கு வருடப் பயிற்சி சும்மா போகுமா? கடைசியில் வெறும் நாலு வாக்கியம் போட்டார். "அது என் கற்பனை அல்ல. கடைக்கு வந்தவர் மறந்துவிட்டுப் போன கடிதம். அவரைக் கேட்காமல் எடுத்துப் போட்டேன். தவறு." பத்து நிமிடத்தில் ஒருவர் அதன் கீழே, 'அதைவிட இது செம' என்று எழுதி மூன்று சிரிப்பு முகம் வைத்திருந்தார். அறுநூறு இதயம். ஜெராக்ஸ்காரர் போனைக் கவிழ்த்து வைத்தார். கணக்கையே மூடிவிட வேண்டியதுதான் என்று அதையும் செய்தார்.

மனைவியிடம் நடந்ததைச் சொன்னார்.

"கற்பனைன்னீங்களே," என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, "நானும்தானே சிரிச்சேன்," என்று எழுந்து போனாள். அன்று அவள் ஃபிரிட்ஜைத் திறந்த ஒவ்வொரு தடவையும் அவருக்கு முதுகு சில்லிட்டது.

நேர்காணல் என்ன ஆனது என்று யாரைக் கேட்பது? கண் ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கால் வரவில்லை. ஒரு வாரம் ஓடியது. எதிர்ச் சாரியில் மளிகைக்கடை ஓரமாக இன்னொரு ஜெராக்ஸ் கடை உண்டு. இயந்திரம் பழசு, கடைக்காரருக்குக் காது மந்தம். திங்கட்கிழமை காலை அந்தக் கடை வாசலில் டைப்பிஸ்ட் நின்றிருந்தார். நீல நிறச் சட்டை, தோளில் பட்டை, கண் ஆஸ்பத்திரியில் கொடுத்த காவலாளிச் சட்டையாக இருக்க வேண்டும், இடுப்பில் கொஞ்சம் தொளதொளவென்று. கையில் அடையாள அட்டை, சான்றிதழ்கள், இரண்டு புகைப்படம். வேலையில் சேருகிறவர்களிடம் கேட்கிற காகிதங்கள் அத்தனையும். தெருவைத் தாண்டியும் அவற்றைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடுவார் ஜெராக்ஸ்காரர்.

அவர் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தார். நெஞ்சு லேசானது. எட்டே கால் மணி நேரம் வீண்போகவில்லை. கை தன்னால் சட்டைப் பைக்குப் போய், போனைத் தொட்டு, வெந்நீர் பட்டதுபோல் திரும்பியது.

அங்கே டைப்பிஸ்ட் இயந்திரத்தை ஒட்டி நின்றார். ஒவ்வொரு நகல் வெளியே வந்ததும் கடைக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தானே மூடியைத் தூக்கி, கண்ணாடி மேலிருந்த அசலைத் தன் கையால் எடுத்துக்கொண்டார். எட்டுக் காகிதம், எட்டு முறை. கடைசியில் மூடியை மறுபடி ஒருமுறை தூக்கி, வெறும் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார்.

பிறகு தெருவில் இறங்கி நடந்தார், இந்தப் பக்கம் திரும்பாமல். எதுவும் மறக்கவில்லை. ஜெராக்ஸ்காரருக்குக் கூப்பிட ஒன்றும் இருக்கவில்லை.